டூரிங் பைக்கில் டர்போ: இன்ஜினைப் பிரிக்கும் முன் என்ன தெரிஞ்சிருக்கணும்?

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ல் இருப்பது 648 சிசி இன்ஜின். சுமார் 47 குதிரைத்திறன். நெடும்பயணத்துக்கு இது போதும். ஆனா லடாக் மாதிரி உயரமான இடத்தில் காற்று மெலிவதால் எந்த இன்ஜினும் திணறும். டர்போ ஆசை அங்கேதான் தொடங்குது.

டர்போ எப்படி வேலை செய்யுது?

வெளியேறும் புகை ஒரு டர்பைனைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கும் கம்ப்ரசர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். 0.5 பார் பூஸ்ட் என்றால், அதிகபட்சம் ஒன்றரை மடங்கு காற்று.

எதையெல்லாம் மாத்தணும்?

அழுத்திய காற்று சூடாகும். இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் ஏற்கெனவே 9.5:1. பெட்ரோல் தானாகவே தாறுமாறாக வெடித்தால் (இதுதான் 'நாக்') பிஸ்டனே உடையலாம். அதனால்:

- கம்ப்ரஷனைக் குறைக்கும் பிஸ்டன்
- பெரிய இன்ஜெக்டர், புது இசியூ மேப்பிங்
- டர்போவுக்குத் தனி ஆயில் லைன். டர்போ தாழ்வாக இருந்தால், ஆயிலைத் திருப்பி இழுக்க ஒரு பம்ப்
- வலுவான கிளட்ச், பிரேக்

ஆயில் கூலர் மட்டுமே உள்ள இன்ஜின் என்பதால், டிராஃபிக்கில் சூடு பெரிய தலைவலி.

சட்டம் என்ன சொல்லுது?

ஆர்சி விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளைமும் சிக்கலாகும்.

அதனால மெக்கானிக்கிடம் விலை கேட்கும் முன், ஆர்டிஓ ஆபீசில் கேளுங்க.