கடையடைப்பிலிருந்து மூளை மீட்சிக்கு: சேலம் மாவட்டத்தை முன்வைத்து

சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஏற்காடும், மாரமங்கலம் முதலிய சேர்வராயன் மலையூர்களும் அதற்குள் அடங்கும். ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டருகே நிறுவிய காந்தி ஆசிரமம் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ‘விமோசனம்’ இதழை நடத்தியது. எழுத்தாளர் கல்கி அதில் பணியாற்றினார். கடைகள் மூடப்பட்டன, இழந்த வருவாய்க்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி வந்தது. சட்டத்தின் கண் விற்பனைமீதும் குடித்தல்மீதும் இருந்தது. பல்லாண்டு குடித்து நிறுத்தியவரின் நினைவுக்கும் கவனத்துக்கும் என்ன நேர்ந்தது என்பது சட்டம் தொடக்கூடிய கேள்வியல்ல.

அக்கேள்விக்குப் பாதி விடை அப்போதே இருந்தது. குடிநோயாளிகளிடம் கண்ட கடும் மூளைக்கோளாறை மருத்துவர் வெர்னிக்கே 1881-இலும், நினைவிழப்பை மருத்துவர் கோர்சகோவ் 1887 முதலும் விவரித்திருந்தனர். இவற்றின் வேர், வைட்டமின் பி1 எனப்படும் தயமினின் குறைபாடு. அந்தத் தயமினைச் செயற்கையாக ஆக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், இதே மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். அவர் வெற்றி கண்டது 1936-இல். சேலத்தில் கடை மூடியதற்கு முந்தைய ஆண்டு. குடிப்பவருக்கு உணவும் குறைகிறது, உண்டதிலுள்ள தயமினும் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் நிரந்தர மறதியைப் பலருக்குத் தவிர்க்கலாம்.

மறுபாதி போர்க்களங்களிலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் தலையில் காயமுற்ற ஜெர்மன் வீரர்களுக்குக் கோல்ட்ஸ்டைனும், இரண்டாம் போரில் சோவியத் வீரர்களுக்கு லூரியாவும் சிந்தனைத் திறனைப் பயிற்சியால் மீட்க முயன்றனர். குடியால் சுருங்கிய மூளை மீளாது என்ற எண்ணத்தை, 1978-இல் டொரன்டோ ஆய்வாளர்களின் சி.டி. ஸ்கேன் அசைத்தது: குடியை விட்ட சிலரிடம் அச்சுருக்கம் ஓரளவு குறைந்திருந்தது.

தமிழகத்தில் 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் திரும்பியது. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கி, பின்னர் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்த சிகிச்சைப் பணி, குடியை நோயாகவும் குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாகவும் கொண்டது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் அதுவே என்பது என் மதிப்பீடு. அறிதிறன் பயிற்சி பின்னர் வந்தது. இன்ஸ்ப்ரூக் நகரில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், கணினிப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கவனமும் நினைவும் மேம்பட்டன, குடிவேட்கையும் குறைந்தது. ஆனால் அத்தகைய பயிற்சியே மீண்டும் குடிப்பதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இன்னும் வலுப்படவில்லை.

இங்கே காலக்கணக்குதான் முக்கியம். குடியை நிறுத்திய முதல் வாரங்களில் திட்டமிடலும் புதியதை நினைவில் இருத்துவதும் தடுமாறும். மீட்சி மாதக்கணக்கில் நீளும். அறிவுரை மழை பொழிவதோ அந்த முதல் வாரங்களில்தான். கேட்டதைப் பிடித்துவைக்க இயலாதவரை ‘திருந்தாத ஜென்மம்’ என்று உறவினர் கைவிடுவது எனக்கு வலிக்கிறது.

மாரமங்கலம் போன்ற ஊர்களுக்குக் கணினி அறை கட்டாயமன்று. குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் போட வேண்டும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையம் உறுதிசெய்யலாம். ஆலோசனையைச் சிறு துண்டுகளாக்கி, மனைவியோ அண்ணனோ உடனிருக்க, வாரந்தோறும் திரும்பச் சொல்லலாம். காப்பித் தோட்டக் கூலிக் கணக்கு, மிளகு எடை, மருந்து வேளை ஆகியவற்றையே பயிற்சிக்குரிய பொருளாக்கலாம். எழுத்தறியாதோரையும் தவறாக மதிப்பிடாத சோதனைகளை முதலில் வகுத்துக்கொண்டு, ஆறு மாதமாவது தொடர்ந்து பார்த்தால்தான் இம்முறையின் பயனை அளக்க முடியும்.