எம்.சி.ஆர். செருப்பு எங்கிருந்து வந்தது?

போன வாரம் என் குதிகால் வலியைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்கு இத்தனை பேர் விசாரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அதிலும் "டீச்சர், இப்ப என்ன செருப்பு போடறீங்க, பார்க்கவும் நல்லா இருக்கணும், காலும் வலிக்கக் கூடாது, கடை பேர் சொல்லுங்க" என்று கேட்டவர்கள்தான் அதிகம். கடைப் பேர் வேண்டாம். செருப்பின் பேர் சொல்கிறேன். எம்.சி.ஆர்., அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர். அதோடு அதன் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான்.

முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் சிமெண்ட் தரையில் நின்ற கால் இது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும். பத்தடி நடந்தால் கொஞ்சம் விடும். போதாததற்குச் சர்க்கரையும் உண்டு. ஓசூரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். இளைஞர். மாத்திரை எழுதிவிட்டு, "மேடம், எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்க" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேற ஏதாவது சொல்லுங்களேன், சேலைக்குக் கொஞ்சம் பொருத்தமா..." என்று இழுத்தேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. என் வயதுக்காரர்களுக்குப் புரியும்.

நான் சிறுமியாக இருந்தபோது கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். தடித்த கறுப்பு ரப்பர் செருப்பு, குறுக்கே இரண்டு பட்டை, பின்னால் ஒரு வார். ஆள் முகத்தைப் பார்க்கும் முன்பே நாங்கள் செருப்பைப் பார்த்துவிடுவோம். "பெருநோய்ச் செருப்பு, கிட்டப் போகாதே" என்று அம்மா கையைப் பிடித்து இழுப்பார். அந்தச் செருப்பைத்தான் டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் செருப்பு உருவானது நமக்குப் பக்கத்தில்தான். சென்னை நெடுஞ்சாலையில் பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டினால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946ல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது 1914ல் நம் கொல்லிமலையில். பெற்றோர் அங்கே ஊழியம் செய்தவர்கள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். டாக்டருக்குப் படிப்பதற்கு முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். இதை நான் சும்மா சொல்லவில்லை. பாரம் எங்கே இறங்குகிறது என்று ஒரு கொத்தனார் சுவரைப் பார்க்கிற கண்ணோடுதான் அவர் பிறகு மனிதக் காலைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

1947ல் செங்கல்பட்டு பக்கம் திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அந்த ஆள் பிடித்த பிடியில் டாக்டருக்குக் கை வலித்துவிட்டதாம். "அழுகுகிற" கைக்கு இவ்வளவு பலமா என்று அன்றைக்குத்தான் அவருக்குக் கேள்வி பிறந்தது. நோய் சதையைத் தின்கிறது, விரல்கள் தானாக உதிர்கின்றன என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. உண்மை வேறு. நோய் நரம்பைக் கொல்கிறது. அதன்பின் சூடு தெரியாது, முள் தெரியாது. வலி இல்லாததால் காயம் காயமாகவே கிடந்து, சீழ் பிடித்து, விரல் குறைகிறது. ராத்திரி தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியாமல் விரல் இழந்தவர்கள் இருந்தார்கள். வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள் என்று பிராண்ட் எழுதியிருக்கிறார்.

காலில் இன்னொரு நுட்பம் உண்டு. நமக்கெல்லாம் நடக்க நடக்க ஓரிடத்தில் லேசாக எரிந்தால், நம்மை அறியாமலே பாதத்தைச் சாய்த்து வேறு இடத்தில் பாரத்தை வைப்போம். வலி சொல்லிக் கொடுக்கிற வேலை அது. உணர்வு போன கால் அப்படிச் செய்யாது. ஒரே இடத்தில் ஆயிரம் தடவை மிதிக்கும், அந்த இடம் உள்ளுக்குள் வெந்து புண்ணாகும். ஆணியும் கல்லும் தேவையே இல்லை. ஆகவே உடம்பின் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட வேண்டும். மரக்கட்டை, மாவுக்கட்டு என்று பலதும் செய்து பார்த்துத்தான் இந்த ரப்பருக்கு வந்தார்கள். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955ல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. அங்கே அறுவை அரங்குக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை செருப்புப் பட்டறைக்கும் இருந்தது.

சாதாரண ஸ்பாஞ்சு செருப்பு கடையில் போட்டால் மெத்தை மாதிரி இருக்கும், ஒரு மாதத்தில் அப்பளமாகிவிடும். எம்.சி.ஆரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள், ஒவ்வொன்றும் வாய் மூடியது. மிதித்தால் அமுங்கும், எடுத்தால் எழும்பும். அதன் அடியில் முள்ளும் கண்ணாடியும் ஏறாதபடி கெட்டியான ரப்பர், அந்த நாளில் பழைய கார் டயர். ஆணி கிடையவே கிடையாது, பசையும் தையலும்தான். பின்வார் எதற்கு? விரல்கள் மடங்கிய காலால் செருப்பைப் பற்ற முடியாது, கழன்று விழுந்தாலும் தெரியாது. நான் சிறுமியாக இருந்தபோது அசிங்கம் என்று நினைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது.

ஆனால் அந்தச் செருப்பு காலைக் காப்பாற்றிவிட்டு ஆளைக் காட்டிக் கொடுத்தது. 1981ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது, 1983 முதல் நம் நாட்டிலும் வந்தது. நோய் குணமானது. ஆனால் செத்த நரம்பு திரும்பாது, ஆகவே குணமானவரும் அதே கறுப்புச் செருப்பைப் போட வேண்டும். பலர் ஊர் எல்லையில் அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஊருக்குள் போனார்கள். புண் மறுபடி வந்தது. மற்றவர்கள் போடுகிற மாதிரியே பார்வைக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல செருப்பும் வீண் என்பதை மருத்துவமனைகள் பிறகுதான் ஏற்றுக்கொண்டு வடிவத்தை மாற்றின. வலிக்கிற காலுக்கு "ஸ்டைல் எதற்கு" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1982ல், நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். அப்பாவுக்கு அந்த நோய். புதுச் செருப்பு கிடைத்ததும் பழையதைப் பையனுக்கு வெட்டிச் சின்னதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மைல் முள்காட்டு வழி, பாவம், செருப்பு கிடைத்த சந்தோஷத்தில் போட்டுக்கொண்டு வந்தான். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். மறுநாள் இரண்டு தாய்மார் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். செருப்பால் நோய் தொற்றாது என்பது எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் சுகாதாரப் பாடம் நடத்தியிருந்தேன். இருந்தும் அவனைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து இதப் போட்டுக்கிட்டு வராதப்பா" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. வெறுங்காலோடு வந்தான். பிறகு காலில் முள் ஏறி ஒரு வாரம் வரவில்லை.

1966ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலிலும் அதே புண்களைப் பார்த்தார். காரணமும் அதேதான், உணர்வு போன பாதம். இங்கேயும் எம்.சி.ஆர். சர்க்கரைக்காரர்களிடம் வந்தது. நம்மூரில் சர்க்கரை இல்லாத வீடு ஏது? அதற்குப் பிறகுதான் கடைக்காரர்கள் கண் விழித்தார்கள். நிறம் வந்தது, பூ வேலை வந்தது, கிளிப் வந்தது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு. சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். கட்டை விரலால் உள்பாகத்தை அழுத்துங்கள், அமுங்கி உடனே எழும்ப வேண்டும். பிடிக்க ஒரு பின்வார் இருந்தால் நல்லது. அகலத்தைப் பாருங்கள். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. நாமோ வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவில்தான் இன்னும் வாங்குகிறோம். அகலம் போதாமல் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்கி, லொடலொட என்று நடக்கிறோம். 'பா' என்ற பெயரில் இந்திய அளவு முறை ஒன்றை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் மட்டும் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம், டாக்டரிடம் காட்டி அளவெடுத்துச் செய்யுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு. கன்னடத்தில் 'எக்கட' என்றால் செருப்பு, தெலுங்கில் 'எக்கட' என்றால் எங்கே. எங்கள் ஊர்க் கடையில் இரண்டும் ஒன்றாக ஒலிக்கும். ஓசூரில் பாட்டா தொழிற்சாலை இருந்தது, பர்கூர் சிப்காட்டில் ஷூ தைக்கிறார்கள். ஆனால் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் நம் பெண்பிள்ளைகள், எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, தட்டையான ரப்பர் செருப்பில் குதிகாலை ஊன்றாமல் நடந்து போகிறார்கள். அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

நான் வாங்கியது மெரூன் நிறம், பின்வார் வைத்தது. ஏழு மாதமாகிறது, காலையில் முதல் அடி இப்போது அவ்வளவு வலிப்பதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார் பார்த்துவிட்டு, "அண்ணி, செருப்பு ரொம்ப நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். கொல்லிமலை டாக்டர் கதையையும் கரிகிரி கதையையும் பந்தி முடியும்வரை சொன்னேன். அந்தப் பையன் கதையை மட்டும் சொல்லவில்லை. அதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.