ஹெவி மெற்றல் இசையும் விரியலாக்கித் தேர்வும்

மின்கிற்றாரின் நலிந்த சைகையைப் பெருக்குவதே விரியலாக்கியின் தொழில். பெருக்கத்தில் ஒலி திரிபடைதலைப் பொறியியலார் குற்றமென்றே கொண்டனர். புளூஸ் கலைஞர் சிலர் அதனை முன்னரே நயந்தனரெனினும், அக்குற்றத்தையே தன் குரலாகத் தேர்ந்த இசை ஹெவி மெற்றலாகும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்டர் விரியலாக்கிகள் இங்கிலாந்தின் இளங்கலைஞர் பலருக்கு எட்டாத விலையின. இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், 1962இல் பெண்டர் பாஸ்மனை முன்மாதிரியாகக் கொண்டு உள்நாட்டிலேயே ஒன்றை ஆக்குவித்தார். படியெடுத்ததாயினும் ஒலி வேறாயிற்று, உறுப்புகள் வேறல்லவா? 'த ஹூ' குழுவினர் மேலும் உரப்பை வேண்ட, 1965 அளவில் 100 உவாற்று வகை தோன்றியது.

பேர்மிங்ஹாமில் நிகழ்ந்ததோ இன்னும் ஆழமானது. ரொனி அயோமி 1965இல் தொழிற்சாலை விபத்தொன்றில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். இடக்கை வாசிப்பாளரான அவர் தந்தியை அழுத்தியது அக்கையாலேயே. நுனிகளுக்குப் பிளாத்திக்கு உறை செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசிக்கலானார். அவர் தேர்ந்தது, அதே நகரில் 1967இல் தொடங்கிய லேனி நிறுவனத்தின் விரியலாக்கி. 1970இல் வெளிவந்த 'பிளாக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டில், மெல்லிய தந்தியிலிருந்து அத்துணைப் பாரமான நாதம் பிறந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

எனினும் வெளியீட்டு வெற்றிடக் குழாய்களை வருத்தித் திரிபு பெற, மண்டபமே அதிருமளவு உரப்பு வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் ரண்டால் சிமித் 1970களில் முன்நிலைப் பெருக்கப் படிகளைக் கூட்டி அமைத்த மேசா பூகி, குறைந்த உரப்பிலும் அதனைத் தந்தது. மெற்றாலிக்கா குழுவினர் 1986இல் வெளியிட்ட 'மாஸ்ரர் ஒவ் பப்பற்ஸ்' பதிவுக்குத் தெரிந்தெடுத்தது அவ்வழிவந்த வகையொன்றேயாம்.