பந்தர் என்னும் சொல்

மணவீட்டு முற்றத்தில் கால் நட்டுக் கீற்று வேயும் பந்தலின் பெயரை, வடமொழியில் கட்டுதலைக் குறிக்கும் ‘பந்த’ என்பதன் திரிபு என்பார் உளர். கழிகளைக் கயிற்றாற் கட்டியே பந்தல் அமைக்கப்படுதலின் இக்கூற்றுப் பொருத்தமுடையது போலத் தோன்றும். பொருட்பொருத்தம் ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

இதன் பழைய வடிவம் பந்தர் என்பது. சாம்பர், சாம்பல் என்றும், குடர், குடல் என்றும் வருதல்போல இதுவும் கடைப்போலியாய்ப் பந்தல் என நின்றது. அகநானூற்று 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு மணவீட்டைக் காட்டுகின்றார். வரிசையாகக் கால் நட்ட குளிர்ந்த பெரும் பந்தரின்கீழ்க் கொணர்ந்த மணல் பரப்பப்பட்டுள்ளது. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில் நீல விதானமும் முத்துப் பந்தரும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னையது வடசொல் என்பது வெளிப்படை. பதிற்றுப்பத்து 74ஆம் பாட்டு முத்தொடு சார்த்திக் கூறும் பந்தர் ஓர் ஊர்ப்பெயராதலின் ஈண்டைக்கு வேண்டா.

இப்பழமை கொண்டு மட்டும் வழக்குத் தீராது. தமிழ் நெடுங்கணக்கில் பகரம் ஒன்றே. அது வல்லொலியா, வடமொழிப் ‘பந்த’ என்பதிற்போல மெலிந்த ஒலியா என்பதை எழுத்துக் காட்டுவதில்லை. ஆதலின் இனமொழிகளை நோக்கல் வேண்டும். கன்னடமும் தெலுங்கும் அவ்விரண்டனையும் வேறு வேறு எழுத்தால் எழுதுவன. தெலுங்குப் ‘பந்திரி’ வல்லொலியையே முதலாக உடையது. கன்னடத்திலோ இச்சொல் ‘ஹந்தர’ என வழங்குகின்றது. பால் ஹாலு என்றும், பல் ஹல்லு என்றும், பத்து ஹத்து என்றும் அம்மொழியில் திரிந்தமை யாவரும் அறிந்தது. அங்ஙனம் ஹகரமாவது மொழிமுதல் வல்லொலிப் பகரமே. மெலிந்த பகரம் திரியாது. வாயைக் குறிக்கும் கன்னடச் சொல் அவ்வொலியோடே இன்றும் நிற்றல் காண்க.

தமிழின்வழிச் சென்றமையால் ஒலி வன்மையுற்றது எனின், அதுவும் பொருந்தாது. ‘பந்த’, ‘பந்தன’ முதலிய வடசொற்களைக் கன்னடர் நேரே பெற்று மெலிந்த ஒலியோடே வழங்குகின்றனர். தமிழிலும் அவ்வடி தந்த சொல் பந்தம் என்பதே. ‘அர்’ ஈறு பெற்று நிழலிடத்தைக் குறித்ததில்லை. ஆகவே பந்தர் திராவிட மொழிகட்குப் பொதுவான பழஞ்சொல் என்றே யாம் கொள்கின்றோம்.

ஆங்கிலமும் இச்சொல்லைத் தமிழினின்று பெற்றது. வங்கத்துத் துர்க்கை விழாவில் ‘பேண்டெல்’ எனக் கேட்கப்படுவது அவ்வாங்கிலத்தின்வழிச் சென்ற வடிவம். தமிழின் ‘ந்த’ அங்கே ‘ண்ட’ ஆயினமையே அதனைக் காட்டும்.