சாலை மரண இழப்பீடு (மலேசியா)

சிரம்பான் அருகே செண்டாயான் வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் ஒருவர் விபத்தில் மாண்டால், வழக்குக்கு அடிப்படை 1956-ஆம் ஆண்டு குடிமைச் சட்டம். 7-ஆவது பிரிவின்படி கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் ஆதரவிழப்புக்கு ஈடு கோரலாம். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளும் இதில் அடங்குவர். ஆனால் அண்ணன் சம்பளத்தில் படிக்கும் தம்பி, தங்கைக்குப் பொதுவாக உரிமையில்லை, இது பெருங்குறை. துயரீட்டுத் தொகை 2019 திருத்தத்தால் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ஆனது. இறந்தவரின் சொத்தின் சார்பில் தொடுக்கும் கோரிக்கை 8-ஆவது பிரிவில் வரும்.

இழப்பீட்டு வழக்கில் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்த குற்றத்துக்கு 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் நடக்கும் வழக்கு வேறு; அது முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆதரவிழப்பு வழக்கை மரணத்திலிருந்து மூன்று ஆண்டுக்குள் தொடுத்தாக வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த மரணமானால் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவிலும் விண்ணப்பியுங்கள்.