மார்கரினுக்கு மறுக்கப்பட்ட ஒளி

‘வார்பரின்’ என்னும் எலி மருந்து நம் செம்பனைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் நன்கு வழங்கிய பெயர். அதன் பிற்பகுதி ‘கூமரின்’ என்ற வேதிப் பொருளைக் குறிக்கும். முற்பகுதியோ ஓர் அறநிலையத்தின் பெயர். அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தின் பழைய மாணவர்கள் 1925-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘வார்ப்’ என்று வரும். பேராசிரியர் கார்ல் பால் லிங்க் என்பாரின் ஆய்வுக்கு அந்நிலையம் பொருளுதவி செய்தமையால், 1948-இல் விற்பனைக்கு வந்த அம்மருந்து அதன் பெயரைத் தாங்கிற்று.

பேராசிரியர்களின் கண்டுபிடிப்பைக் காப்புரிமையாக்கி, கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து, வருவாயை ஆராய்ச்சிக்கே திருப்பும் ஏற்பாட்டின் முன்னோடிகளுள் இந்நிலையமும் ஒன்று. நம் நாட்டிலும் அரசாங்கப் பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சியின் பயனைச் சந்தைக்குக் கொண்டுவர 2009-இல் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. ஆகவே விஸ்கான்சினில் நடந்ததை நாம் அறிந்திருத்தல் நலம்.

அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியில் ஸ்டீபன் பாப்காக் என்ற பேராசிரியர் இருந்தார். பாலில் எவ்வளவு கொழுப்பு உண்டென்பதைக் கந்தகத் திராவகத்தின் துணையால் காட்டும் எளிய சோதனையை 1890-இல் அவர் வெளியிட்டார். அதற்குமுன் பாலை எடை போட்டே பணம் கொடுப்பது வழக்கம்; தண்ணீர் கலந்தவனுக்கும் கலவாதவனுக்கும் ஒரே விலை. (ரப்பர்ப் பாலில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.) பாப்காக் காப்புரிமை எதுவும் கோரவில்லை. எவரும் பயன்படுத்திக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அதே கல்லூரியில் பணியாற்றிய ஹாரி ஸ்டீன்பாக் வேறு வழி சென்றார். உணவுப் பொருளின்மீது ஊதா கடந்த ஒளிக்கதிரைப் பாய்ச்சினால் அதில் வைட்டமின் டி உண்டாகும் என்பதை 1920-களில் அவர் கண்டறிந்தார். வெயில் குன்றிய குளிர் நாடுகளில் குழந்தைகளின் எலும்பை வளைத்துவந்த ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்க இது வழி திறந்தது. ஆனால் அவருக்கு அச்சங்கள் இரண்டு இருந்தன. போலி வைத்தியர் இதை வைத்து மக்களை ஏய்ப்பர் என்பது ஒன்று. தம் மாநிலத்துப் பால் பண்ணையாளர்க்குப் போட்டியாளரான மார்கரின் முதலாளிகள் இதனால் வலுப்பெறுவர் என்பது மற்றொன்று.

கைப்பணம் 300 டாலரைச் செலவிட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி பெருந்தொகை தர முன்வந்தும் முழு உரிமையையும் விற்க மறுத்தார். பல்கலைக் கழக ஆட்சிக் குழுவும் அவ்வுரிமையை ஏற்கவில்லை. பின்னர்ப் பழைய மாணவர் ஒன்பதின்மர் தலைக்கு நூறு டாலர் போட்டு, 900 டாலர் முதலில் மேற்கூறிய நிலையத்தைத் தொடங்கினர். வருவாயில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஸ்டீன்பாக்குக்கு, எஞ்சியது ஆராய்ச்சிக்கு. 1927-இல் முதல் உரிமம் அதே குவேக்கர் ஓட்ஸ் கம்பெனிக்குக் கிடைத்தது.

தானிய உணவுக்கு அனுமதி உண்டு, பாலுக்கும் உண்டு. மார்கரினுக்கு மட்டும் இல்லை! வெண்ணெய் வாங்க இயலாதார் ரொட்டியில் தடவியது மார்கரினையே. எலும்பு வளைந்த பிள்ளைகள் மிகுந்திருந்ததும் அத்தகைய வீடுகளில்தான். ஸ்டீன்பாக்கைப் பேராசைக்காரர் என்று கூற நான் துணியேன். அவர் மறுத்த தொகையை நம்மில் எத்தனை பேர் மறுப்போம்? ஆயினும் பண்ணையாளரின் நலத்தையும் பொதுநலத்தையும் அவர் ஒன்றாகவே எண்ணிவிட்டார் என்பது என் கருத்து. அதை எடுத்துரைக்க வேண்டிய நிலையத்தாரும் வாளாவிருந்தனர்.

இறுதியில் நீதிமன்றம் பேசிற்று. ஒரு கம்பெனியோடு நடந்த வழக்கில், அக்காப்புரிமைகள் செல்லா என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1940-களின் நடுப்பகுதியில் தீர்ப்பளித்தது. ஏழைகளின் உணவான மார்கரினுக்கு உரிமம் மறுக்கப்பட்டதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். ஏகபோகத்திற்கு எதிராக அரசாங்கம் தொடுத்த வழக்கும் சேர்ந்துகொள்ளவே, 1946-இல் நிலையத்தார் தம் உரிமைகளைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்தனர். ஸ்டீன்பாக்குக்கு 1928-இல் வழங்கப்பட்ட காப்புரிமையின் பதினேழாண்டுக் கெடுவோ, அதற்கு முந்திய ஆண்டிலேயே முடிந்துபோயிருந்தது.