தார் போடும் பையன்கள்: ஒரு வேலையின்மை நாடகமும் அதன் பார்வையாளர்களும்

'பாய்ஸ் ஃப்ரம் தி பிளாக்ஸ்டஃப்' என்பது பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் 1982 அக்டோபர் 10 முதல் நவம்பர் 7 வரை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகத் தொடராகும். எழுதியவர் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஆலன் ப்ளீஸ்டேல். இயக்கியவர் பிலிப் சாவில், தயாரித்தவர் மைக்கேல் வேரிங். 'பிளாக்ஸ்டஃப்', அதாவது கறுப்புச் சரக்கு, என்று தலைப்பில் வருவது தார். சாலைக்குத் தார் போடும் குழுவில் ஒன்றாக இருந்த சிலர் வேலை இழந்தபின் என்ன ஆனார்கள் என்பதே கதை. வேலையின்மை பற்றிய நாடகங்கள் பிரிட்டனில் இதற்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. ஆனால் பார்த்தவர்கள் இவ்வளவு உரிமையோடு எடுத்துக்கொண்ட நாடகம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றியது இக்கட்டுரை.

கதையும் காலமும்

ப்ளீஸ்டேல் பள்ளி ஆசிரியராக இருந்து எழுத்தாளர் ஆனவர். தொடருக்கு முன்னோடியாக 'தி பிளாக் ஸ்டஃப்' என்ற தனி நாடகத்தை எழுதினார். அது 1980 ஜனவரியில் ஒளிபரப்பாயிற்று. லிவர்பூலில் இருந்து மிடில்ஸ்பரோ நகருக்குத் தார் வேலைக்குப் போன குழு, முதலாளிக்குத் தெரியாமல் ஒரு தனி வேலையில் சேமிப்பைப் போட்டு ஏமாறுகிறது. பணமும் போகிறது, இருந்த வேலையும் போகிறது. தொடர் அதன் பிறகு நடப்பதைச் சொல்கிறது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அழைப்பாணைக்குக் காத்திருப்பார்கள். அன்றைய பிரிட்டனில் வேலையற்றவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு உதவித்தொகை பெற்றார். பேச்சு வழக்கில் இதற்கு 'டோல்' என்று பெயர். அந்தத் தொகையை வாங்கிக்கொண்டே அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் கூலி வேலை செய்வது குற்றம். குடும்பம் நடத்த உதவித்தொகை போதாது, திருட்டுத்தனமாக வேலை செய்தால் துறையின் ஆய்வாளர்கள் பின்தொடர்வார்கள். தொடரின் முதல் பகுதியில் ஸ்னோவி என்ற இளம் பூச்சு வேலைக்காரர் கட்டட வேலை இடத்தில் அப்படிப்பட்ட ஆய்வாளர்களிடம் இருந்து தப்பிக்கப் பார்த்து, கீழே விழுந்து இறக்கிறார்.

1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. 1930களுக்குப் பிறகு அத்தகைய எண்ணிக்கை அப்போதுதான் வந்தது. உழைக்கும் வயதினரில் சுமார் எட்டுப் பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் இருந்தார். லிவர்பூல் நிலைமை இன்னும் மோசம். துறைமுகம் சுருங்கிவிட்டது. 1978இல் ஸ்பீக் பகுதியில் இருந்த ட்ரையம்ஃப் கார் தொழிற்சாலை மூடப்பட்டது, மறு ஆண்டு அதே பகுதியில் டன்லப் ஆலை. 1872இல் தொடங்கிய டேட் சர்க்கரை ஆலை 1981இல் நின்றுபோனது. அந்த ஆண்டு ஜூலையில் நகரின் டாக்ஸ்டெத் பகுதியில் பெரும் கலவரம் நடந்தது. அதே 1981இன் இறுதிப் பகுதியில்தான் அமைச்சர் நார்மன் டெபிட், 1930களில் தம் தந்தை வேலையில்லாதபோது கலகம் செய்யாமல் சைக்கிளில் ஏறி வேலை தேடிப் போனார் என்று கட்சி மாநாட்டில் பேசினார். வேலையற்றவர்கள் சோம்பேறிகளா, சூழ்நிலையின் பலிகளா என்ற வாதம் நாடெங்கும் சூடாக இருந்த நேரத்தில் தொடர் வந்தது.

மார்கரெட் தாட்சர் ஆட்சியின் மீதான தாக்குதல் என்றே பெரும்பாலான பார்வையாளர்களும் விமரிசகர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பாடநூல்களிலும் நினைவுக் கட்டுரைகளிலும் 'தாட்சர் கால நாடகம்' என்றே குறிப்பிடுகிறார்கள். உண்மையில் ப்ளீஸ்டேல் இதன் பெரும்பகுதியை 1978இல் எழுதினார். அப்போது ஆட்சியில் இருந்தது ஜேம்ஸ் கேலஹனின் தொழிற்கட்சி. வேலையற்றோர் தொகையும் 1982இல் இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். ஒரு நாடகத்தின் பொருளை எழுதியவர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எழுதியபோது ஒரு தொழிலின், ஒரு நகரத்தின் துன்பமாக இருந்தது, திரைக்கு வந்தபோது நாட்டின் செய்தியாகிவிட்டது.

ஒரு வசனம் பரவிய கதை

பி.பி.சி. இரண்டாம் அலைவரிசை அக்காலத்தில் குறைந்த பார்வையாளர்களைக் கொண்டது. தொடருக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, முடிந்த இரண்டே மாதங்களில், 1983 ஜனவரியில், முதல் அலைவரிசையில் முழுவதையும் மறுஒளிபரப்புச் செய்தார்கள். அவ்வளவு விரைவான மறுஒளிபரப்பு அன்று வழக்கத்தில் இல்லாதது. மொத்தமே மூன்று அலைவரிசைகள் இருந்த நாடு அது (நான்காவது, தொடர் ஓடிக்கொண்டிருந்த நவம்பர் 2 அன்றுதான் தொடங்கியது). வீடியோ பதிவுக் கருவியும் எல்லா வீட்டிலும் கிடையாது. ஆகவே ஒரே இரவில் பல லட்சம் பேர் பார்த்ததை மறுநாள் எல்லோரும் பேசினார்கள்.

பேச்சின் மையம் யோசர் ஹியூஸ். பெர்னார்ட் ஹில் நடித்த பாத்திரம். கறுப்பு உடை, தடித்த மீசை, வெறித்த பார்வை, பின்னாலேயே வரிசையாக நடந்து வரும் மூன்று பிள்ளைகள். யாராவது வேலை செய்வதைக் கண்டால் யோசர் அருகில் போய் நின்று, அந்த வேலையைத் தன்னாலும் செய்ய முடியும், தனக்குக் கொடு என்று கேட்பான். 'எனக்கொரு வேலை கொடு' என்பதை லிவர்பூல் கொச்சையில் 'கிஸ்ஸா ஜாப்' என்பான். எதிர்த்துப் பேசுபவரை நெற்றியால் முட்டுவான். அந்த இரு சொற்கள் சில வாரங்களில் நாடெங்கும் பரவின. பள்ளிப் பிள்ளைகள் சொன்னார்கள், கால்பந்து மைதானங்களில் ரசிகர்கள் கூட்டமாகக் கோஷமிட்டார்கள். யோசரைப் போல் பேசிக் காட்டுவது ஒரு விளையாட்டாயிற்று.

இதை எப்படி மதிப்பிடுவது? வேலையில் இருந்தவர் வாயில் அது ஒரு நகைச்சுவை. வேலை இழந்தவர் வாயில் அதே சொற்கள் வேறு. வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை, வீட்டுக்குள் பேசவும் கூசிய ஒன்றை, வெளியில் உரக்கச் சொல்ல அது ஒரு வழி தந்தது. தனியாக நின்று கெஞ்சும் ஒருவனின் வேண்டுகோளை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கத்தும்போது அதன் பொருள் கெஞ்சலாக இருப்பதில்லை. எனினும், யோசரின் கதையை முழுவதும் பார்த்தவர் எவரும் அந்த வசனத்தைச் சிரிப்புக்காகப் பயன்படுத்தியிருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். அவன் மனைவியை இழக்கிறான். பிள்ளைகளை அரசுக் காப்பகத்துக்கு எடுத்துப் போகிறார்கள். வீடும் போகிறது. கடைசியில் ஏரியில் இறங்கிச் சாக முயல்கிறான், காவலர்கள் இழுத்து வெளியே போடுகிறார்கள்.

அந்த நான்காம் பகுதியிலேயே மிகவும் சிரிக்க வைத்த காட்சியும் இருக்கிறது. யோசர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறான். பாதிரியார் தன்னைச் 'சாமி' என்று அழைக்க வேண்டாம், 'டான்' என்று பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். தான் 'டெஸ்பரேட்' நிலையில், அதாவது கதியற்ற நிலையில், இருப்பதாக யோசர் சொல்ல, இரண்டும் சேர்ந்து 'டெஸ்பரேட் டான்' ஆகிவிடுகிறது. அது பிரிட்டிஷ் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த சித்திரக்கதை நாயகனின் பெயர். சிரிப்பு அடங்குவதற்குள் யோசர் தலையால் முட்டத் தொடங்கிவிடுகிறான். பார்த்தவர்கள் சிரித்ததற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, சிரிக்கும்படியாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தச் சிரிப்புக்கு எதிரான குரலையும் அவரே வைத்திருக்கிறார். அதற்கு முந்திய ஞாயிறு ஒளிபரப்பான மூன்றாம் பகுதியில் கிரிஸ்ஸிக்கும் அவன் மனைவி ஆஞ்சிக்கும் இடையே சமையலறையில் சண்டை. சாப்பிட ஒன்றுமில்லை. கிரிஸ்ஸி எதையோ வேடிக்கையாகச் சொல்லி நிலைமையைச் சமாளிக்கப் பார்க்கிறான். சிரிக்காவிட்டால் அழவேண்டும் என்று இந்த ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று ஆஞ்சி கத்துகிறாள். ஹாரி பாட்டர் படங்களில் ரானின் தாயாக நடித்த ஜூலி வால்டர்ஸ்தான் ஆஞ்சி. லிவர்பூல்காரர்கள் தங்கள் நகைச்சுவை உணர்வைப் பற்றிப் பெருமைப்படுபவர்கள். அந்தப் பெருமையையே ஒரு பெண் பாத்திரம் கேள்வி கேட்டது. யோசரின் வசனம் மைதானங்களுக்குப் போனது. ஆஞ்சியின் பேச்சு அப்படிப் போகவில்லை. பெண்களைப் பற்றிய நாடகம் அல்ல இது, வேலை இழந்த ஆண்களின் மானத்தைப் பற்றியது என்று பின்னாளில் வந்த குறை நியாயமானதே. ஆனாலும் ஐந்து பகுதிகளில் மிகத் தெளிவாக யோசித்துப் பேசுபவள் ஆஞ்சி.

லிவர்பூலில்

லிவர்பூல் பார்வையாளர்களுக்குத் திரையில் தெரிந்தது தங்கள் தெரு. நடிகர்கள் பலரும் அந்த ஊர்க்காரர்கள் அல்லது அந்தப் பேச்சை நன்கு அறிந்தவர்கள். யோசரின் மூன்று பிள்ளைகளாக நடித்தவர்கள் ப்ளீஸ்டேலின் சொந்தப் பிள்ளைகளே. லிவர்பூல் அணியின் கிரேம் சூனஸ், சாமி லீ இருவரும் தாங்களாகவே ஒரு காட்சியில் வருகிறார்கள். இறுதிப் பகுதியின் நாயகன் ஜார்ஜ் மலோன், நோயில் சாகும் முதிய தொழிற்சங்கவாதி, முதல் பகுதியில் இறந்த ஸ்னோவியின் தந்தை. நடித்த பீட்டர் கெரிகன் உண்மையிலேயே துறைமுகத் தொழிலாளியாக இருந்து சங்கத்தில் போராடியவர். ஆல்பர்ட் கப்பல்துறையின் பாழடைந்த கிடங்குகளுக்கு நடுவே கிரிஸ்ஸி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும் காட்சியில், அவர் தன் இளமையையும் அந்த இடம் உயிரோடு இருந்த நாட்களையும் நினைவுகூர்ந்து, நம்பிக்கை இழக்க முடியாது என்று சொல்லியபடியே இறந்துபோகிறார். சங்கத்தின் காலம் முடிந்தது என்று அதைச் சிலர் படித்தார்கள். தொடர் முடியும் காட்சியில் டேட் சர்க்கரை ஆலை இடிபடுகிறது. அந்த ஆலையை நிறுவிய ஹென்றி டேட் லண்டனில் தொடங்கிய ஓவியக்கூடத்தின் லிவர்பூல் கிளை 1988இல் அதே ஆல்பர்ட் கப்பல்துறையில் திறக்கப்பட்டது. சர்க்கரைத் தொழில் ஊரை விட்டுப் போயிற்று, அதன் பெயர் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்தது.

நாடகத்தின் மீது இரண்டு பக்கமிருந்தும் கண்டனம் உண்டு. உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு திருட்டு வேலையும் பார்ப்பவர்களுக்கு இரக்கம் தேடுகிறது என்பது ஒரு பக்கம். இடதுசாரி விமரிசகர் சிலர் வேறு காரணத்துக்காக மனம் கசந்தார்கள்: இதில் யாரும் சேர்ந்து போராடுவதில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியே உடைகிறார்கள், சங்கத்தை நம்பிய ஒரே மனிதரும் இறந்துவிடுகிறார் என்றார்கள். லிவர்பூலிலேயே மூன்றாவது ஒரு கவலை எழுந்தது. வேலையற்ற லிவர்பூல்காரன் என்ற உருவம் நாட்டின் மனத்தில் பதிந்துவிட்டால் ஊருக்குப் புதிய தொழில் வருமா? 1986இல் பி.பி.சி. தொடங்கிய 'பிரெட்' என்ற நகைச்சுவைத் தொடர், உதவித்தொகை அலுவலகத்தை ஏய்த்து வாழும் லிவர்பூல் குடும்பம் ஒன்றைக் காட்டியபோது அந்தக் கவலை வீண் இல்லை என்று தெரிந்தது. நான்கே ஆண்டுகளில் யோசரின் இடத்துக்குச் சாமர்த்தியசாலிகள் வந்துவிட்டார்கள்.

விளைவு

பார்வையாளர்களின் உணர்ச்சி செயலாக மாறிய நாடகங்கள் பிரிட்டனில் உண்டு. 1966 நவம்பரில் ஒளிபரப்பான 'கேத்தி கம் ஹோம்', வீடற்ற ஒரு குடும்பத்தின் கதை. அதற்குச் சில வாரத்தில் தொடங்கப்பட்ட 'ஷெல்டர்' என்ற தொண்டு நிறுவனம் முன்பே திட்டமிடப்பட்டது என்றாலும், நாடகம் எழுப்பிய கொந்தளிப்பால் மிகுந்த ஆதரவு பெற்றது. 'பிளாக்ஸ்டஃப்' அப்படி எந்த நிறுவனத்தையும் உருவாக்கவில்லை. வீடற்றவருக்கு வீடு கேட்கலாம், நன்கொடை திரட்டலாம். முப்பது லட்சம் பேருக்கு வேலை கேட்டு யாரிடம் உண்டியல் குலுக்குவது? மறுஒளிபரப்பு முடிந்து சில மாதங்களில், 1983 ஜூன் பொதுத்தேர்தலில், தாட்சர் 144 இடப் பெரும்பான்மையோடு மீண்டும் வென்றார். லிவர்பூல் நகருக்குள் மட்டும் அவர் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. இரண்டையும் நாடகத்தோடு முடிச்சுப் போட இயலாது. ஆனால் ஒரே நாடகத்தைப் பார்த்த ஒரே நாடு எவ்வாறு இரண்டாகப் பிரிந்திருந்தது என்பதை அவை காட்டுகின்றன.

தொடருக்கு பாஃப்டா விருது கிடைத்தது. 1984இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அதைப் பற்றி ஒரு தனி ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. அக்கழகம் 2000ஆம் ஆண்டு தொகுத்த தலைசிறந்த நூறு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் ஏழாம் இடம் கிடைத்தது. 2023இல் நாடக ஆசிரியர் ஜேம்ஸ் கிரஹாம் அதை மேடைக்கு மாற்றி எழுத, லிவர்பூல் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் நடித்தார்கள். 2024 மே மாதம் அது லண்டன் நேஷனல் தியேட்டருக்கு வந்தது. அதே மாதம் 5ஆம் தேதி பெர்னார்ட் ஹில் தம் 79ஆம் வயதில் காலமானார். உலகின் பிற பகுதிகளில் 'டைட்டானிக்' படத்தின் கப்பல் தலைவர் என்றும், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் அரசர் என்றும் அவரை நினைவுகூர்ந்தார்கள். பிரிட்டனில் அஞ்சலிகளில் யோசரின் பெயரும் அந்த இரு சொற்களும் தவறாமல் இடம்பெற்றன.